மாங்கொட்டையும் பலாக்கொட்டையும் ஒரே உறுப்பா?

தேவகோட்டைப் பக்கம் ஒரு நடுநிலைப்பள்ளியில் அறிவியல் நடத்தும் ஆசிரியை ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது: "பழத்துக்குத் தோல், சதை, கொட்டை என்று மூன்று பாகம் எழுதிப்போட்டு நடத்திக்கொண்டிருந்தேன், ஐயா. மாங்கொட்டையை உடைத்துப் பார்த்த ஒரு பையன், 'டீச்சர், உள்ளே பருப்பு தனியாக இருக்கிறதே, அப்படியானால் விதை எது, கொட்டையா பருப்பா?' என்று கேட்டுவிட்டான். பலாவிலும் புளியிலும் முந்திரியிலும் இருப்பது அதே கொட்டைதானா? வாழைப்பழத்தின் கொட்டை எங்கே போயிற்று? பிள்ளைகளுக்குச் சொல்லும்படி விளக்குங்கள்."

அந்தப் பையன் கேட்டது நல்ல கேள்வி. சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொன்ன நான்கு கொட்டைகளில் முழுதும் விதையாக இருப்பது புளியங்கொட்டை ஒன்றுதான். மாங்கொட்டை என்பது பழத்தின் உட்சுவரும் அதற்குள் அடங்கிய விதையும் சேர்ந்தது. பலாச்சுளைக்குள் வழுவழுப்பான சவ்வோடு கிடக்கும் கொட்டை, தாவரவியல் கணக்கில் ஒரு முழுக் கனி. முந்திரிக்கொட்டையும் முழுக் கனிதான். அதன் மேல் தொங்கும் பழம் என்று நாம் சொல்வதுதான் கனியில் சேராதது. அடுப்படியில் கொட்டை என்ற சொல்லுக்குப் பொருள், சதையைத் தின்றபின் கையில் மிஞ்சும் கெட்டியான பகுதி என்பது. அந்த அளவில் சொல்லில் பிழை ஏதும் இல்லை. அதை அப்படியே கரும்பலகைக்கு எடுத்துக்கொண்டு போகும்போதுதான் இடறுகிறது.

பூவிலிருந்து தொடங்கினால் எல்லாம் நேராகிவிடும். பூவின் நடுவில் இருக்கும் சூற்பை கருவுற்றபின் பருத்துக் கனியாகிறது. சூற்பைக்குள் இருக்கும் சூல் விதையாகிறது. சூற்பையின் சுவர் கனியில் மூன்று அடுக்காக வளர்கிறது: வெளியே புறவுறை, நடுவில் நடுவுறை, விதையை ஒட்டி உள்ளுறை. மூன்றையும் சேர்த்துக் கனியுறை என்பார்கள். இந்த மூன்று அடுக்கும் எல்லாப் பழத்திலும் ஒரே மாதிரி வளர்வதில்லை என்பதில்தான் பழங்களுக்குள் இருக்கும் வேறுபாடெல்லாம் அடங்கியிருக்கிறது. ஒன்றில் நடுவுறை சதையாகும், இன்னொன்றில் நாராகும். ஒன்றில் உள்ளுறை கல்லாக இறுகும், இன்னொன்றில் காகிதமாக மெலியும். சில மரங்களில் சூற்பை ஒதுங்கி நிற்க, காம்போ இதழோ பூவின் உறுப்புகளைத் தாங்கும் பூத்தளமோ பருத்துச் சதையாகிவிடுகிறது.

விதையா கனியா என்று ஐயம் வந்தால் தழும்பைப் பார்க்கச் சொல்லுங்கள். விதை, சூற்பையின் உட்புறத்தில் ஒரு சிறு காம்பால் ஒட்டியிருந்தது. ஆகவே அதில் ஒரே ஒரு தழும்புதான் இருக்கும். மொச்சையின் விளிம்பில் வெள்ளைக் கோடாகத் தெரிவது அதுதான். இலுப்பைக்கொட்டையிலும் சப்போட்டாக் கொட்டையிலும் பளபளப்பான பழுப்புத் தோலின் ஓரத்தில் சொரசொரப்பாக நீளவாக்கில் ஓடும் பட்டையும் அதுவே. இவ்விரண்டும் ஒரே குடும்பம், தழும்பிலேயே உறவு தெரியும். கனியிலோ தழும்பு இரண்டு. கிளையோடு ஒட்டியிருந்த காம்பின் தழும்பு ஒன்று. மகரந்தத்தை வாங்கிய சூலகமுடியும் அதைத் தாங்கிய தண்டும் காய்ந்து உதிர்ந்த இடம் மற்றொன்று. இந்தச் சோதனையை அஞ்சறைப்பெட்டியில் செய்து பார்த்தால் கடுகும் வெந்தயமும் விதை என்று தெரியும். மல்லியும் சீரகமும் சோம்பும் கனி. மல்லியின் நுனியில் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் மிச்சத்தை உருப்பெருக்கி இல்லாமலே பார்க்கலாம், உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் இரண்டு பாதியாகப் பிரியும், பாதிக்கு ஒரு விதை இருக்கும். மிளகும் முழுக் கனி. கறி மசாலாவில் போடும் அன்னாசிப்பூ பெயரில்தான் பூ. எட்டுக் கை விரித்து நிற்கும் உலர்ந்த காய் அது, கை ஒவ்வொன்றும் வெடித்த இடத்தில் மினுங்கும் ஒரு விதை உட்கார்ந்திருக்கும்.

பழத்தை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்ட வகுப்பறையில் எடுத்துக்கொள்ளத் தகுந்த முதற்பொருள் புளி என்பேன். நான் சிறுவனாக இருந்தபோது மாசி, பங்குனி மாதங்களில் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டு முழுவதும் புளி பரப்பிக் கிடக்கும். அப்பத்தா காலை நீட்டி உட்கார்ந்து, வெயிலில் மொறுமொறுத்த பழத்தைக் கட்டையால் ஒரு தட்டுத் தட்டுவார்; ஓடு நொறுங்கிப் பொலபொலவென்று உதிரும். அது புறவுறை. பிறகு காம்புப் பக்கம் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தால் முதுகிலும் வயிற்றிலும் ஓடும் நார் கொத்தாக வந்துவிடும். காய்க்கு நீரும் உணவும் கொண்டுவந்த குழாய்க் கற்றைகள் அவை. மிஞ்சிய சதை நடுவுறை. அதை அரிவாள்மனையில் ஓரமாகக் கீறி, விரலால் நெம்பினால் கொட்டை தெறித்து விழும். கொட்டை இருந்த குழியைக் கவனித்தால் உள்ளே தோல் போன்ற ஒரு மெல்லிய படலம் பூசியிருக்கும், அதுதான் உள்ளுறை. புளியைக் கரைத்துப் பிழிந்தபின் கையில் தங்கும் சக்கையில் இருப்பது இந்தப் படலமும், அப்பத்தாவின் இழுப்புக்குத் தப்பிய நாரும்தான். தாவரவியல் படிக்கப் போன முதலாண்டில் கனியுறையின் அடுக்குகளை ஆசிரியர் படம் போட்டுக் காட்டியபோது, இதை எங்கள் வீட்டில் மணங்குக் கணக்கில் செய்வார்களே என்றுதான் எனக்குத் தோன்றியது.

புளியின் பக்கத்தில் கொடுக்காப்புளியை வைத்துக் காட்டுங்கள். இரண்டும் அவரைக் குடும்பம், இரண்டும் நெற்று, பெயரிலும் இரண்டும் புளி. ஆனால் கொடுக்காப்புளியில் காயின் சுவர் முழுவதும் மெல்லிய தோலாகவே நின்றுவிடுகிறது. முற்றியதும் சுருண்டு வெடிக்கிறது. பிள்ளைகள் தின்னும் வெள்ளையும் சிவப்புமான பகுதி சுவரிலிருந்து வந்ததன்று, விதையின் காம்பிலிருந்து எழுந்து விதையைப் போர்த்திய சதை. இத்தகைய போர்வைக்கு ஏரில் என்று பெயர். ஜாதிக்காயைச் சுற்றிச் சிவப்பு வலையாக இருக்கும் ஜாதிபத்திரியும் இவ்வகையே. ஆக, புளியில் நாம் தின்பது கனியின் சுவர், கொடுக்காப்புளியில் தின்பது விதையின் போர்வை.

இனி மாம்பழத்துக்கு வருகிறேன். மாவடுவைக் குறுக்கே அரிந்தால் கத்தி தடையில்லாமல் இறங்கும். அடுக்குகள் இன்னும் பிரியவில்லை. காய் பெருக்கும்போது உள்ளுறை இறுகத் தொடங்குகிறது. கொட்டையோடு நறுக்கிக் குழம்பில் போட்ட மாங்காய்த் துண்டின் உட்புறத்தில் வெள்ளைத் தகடாக ஒட்டியிருப்பது, பாதி இறுகிய உள்ளுறை. அதைக் கடித்துச் சப்புவதில் எனக்கு இன்றும் ஆசை உண்டு. பழுத்தபின் அந்தத் தகடு மரம்போல் ஆகி, முதுகில் நாரும் முளைத்து, நாம் கொட்டை என்று எறியும் பொருளாகிறது. உண்மையான விதை அதற்குள்ளே இருக்கிறது. காய்ந்த மாங்கொட்டையை விளிம்போரமாக நெம்பிப் பிளந்தால் முதலில் காகிதம் போன்ற பழுப்புத் தோல் வரும், அது விதையுறை. அதை உரித்தால் இரண்டாகப் பிரியும் பருப்பு வரும், அவை விதையிலைகள். இரண்டும் சேரும் மூலையில் முளைக்குருத்து. உங்கள் மாணவன் கேட்ட கேள்விக்கு விடை இதுதான்: தோல் போர்த்திய பருப்பு விதை, ஓடு பழத்தைச் சேர்ந்தது.

இந்த அமைப்பைத் தெரிந்துகொண்டால் ஒரு பழைய புதிரும் விடுபடும். மேலே ஒரு துளைகூட இல்லாத மாம்பழத்தை அறுக்கும்போது கொட்டைக்குள்ளிருந்து கருவண்டு புறப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். தாய் வண்டு பிஞ்சின் தோலில் முட்டையிடுகிறது. வெளிவரும் புழு நூலளவு வழி குடைந்து, இன்னும் இறுகாத உள்ளுறையைத் தாண்டி விதைக்குள் போய்விடுகிறது. அதன் பிறகு சதை பெருத்து வழி தூர்ந்துபோகிறது, ஓடும் இறுகுகிறது. புழு விதையிலையைத் தின்றபடி உள்ளேயே வண்டாகிறது.

மாங்கொட்டைக்கு நம் பொட்டல் காட்டில் உறவுகள் நிறைய உண்டு. வேப்பங்கொட்டை, இலந்தைக்கொட்டை, சூரைப்பழத்தின் கொட்டை ஆகிய எல்லாவற்றிலும் கெட்டியாக இருப்பது உள்ளுறைதான். காரைப்பழத்தில் அத்தகைய சிறு கொட்டைகள் இரண்டு இருக்கும். நாவற்கொட்டை மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராது. அதன் உள்ளுறை இறுகுவதில்லை, கையில் கிடைப்பது நேரே விதை. காரைக்குடி, சூரக்குடி, இலுப்பைக்குடி என்று செடியும் மரமும் ஒட்டிய பெயருள்ள ஊர்களுக்கு நடுவில் பள்ளிக்கூடம் வைத்திருக்கிறீர்கள். பிள்ளைகளை ஒரு மாலை வெளியே அழைத்துப் போனால் பாதிப் பாடம் வேலியோரத்திலேயே முடிந்துவிடும்.

தேங்காயும் மாங்காயும் ஒரே அமைப்பு என்றால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். உரித்துக் காட்ட வேண்டும். பச்சைத்தோல் புறவுறை, மட்டை நடுவுறை, கொட்டாங்கச்சி உள்ளுறை. மாவில் சதையான அதே அடுக்கு இங்கே நாராகியிருக்கிறது, நீரில் விழுந்தால் மிதந்து வேறு கரைக்குப் போய்ச் சேர அதுவே வசதி. கொட்டாங்கச்சிக்குள் இருப்பது எல்லாம் விதை. வெள்ளைப் பருப்பின் முதுகில் ஒட்டி, துருவும்போது தேங்காய்ப்பாலின் நிறத்தைக் கெடுக்கும் பழுப்புத் தோல் விதையுறை. பருப்பு, வளரப்போகும் கருவுக்காகச் சேமித்த உணவு. கருவூண் என்று பெயர். இளநீரும் அதே கருவூணே, செல்லுக்குச் செல் சுவர் எழும்பாமல் உட்கருக்கள் மிதந்துகொண்டிருக்கும் நிலையில் உள்ளது. கண் மூன்று இருப்பதற்குக் காரணம், பூவின் பெண்ணுறுப்பான சூலகம் சூலக இலை எனப்படும் மூன்று பகுதிகள் சேர்ந்து ஆனது; மூன்றில் ஒன்றுதான் விதை பிடிக்கிறது. ஈர்க்குச்சியால் குத்தினால் மூன்று கண்ணில் ஒன்றுதான் வழிவிடும். அதன் அடியில்தான் கரு இருக்கிறது. முளைவிட்ட தேங்காயை உடைத்தால் உள்ளே பஞ்சுருண்டையாக இனிக்கும் தேங்காய்ப்பூ, அந்தக் கருவின் விதையிலை பருத்து, பருப்பையும் நீரையும் உறிஞ்சுவதற்காக உள்ளே வளர்ந்த உறுப்பு.

பனையில் கதை சற்று மாறுகிறது. அங்கும் சூலக இலை மூன்று. ஆனால் மூன்றும் தனித்தனியாக விதை பிடித்து, தனித்தனியாக ஓடு கட்டிக்கொள்கின்றன. அதனால்தான் நுங்கைச் சீவினால் மூன்று கண் தெரிகிறது. ஒன்றோ இரண்டோ பழுதானால் இருகண், ஒற்றைக்கண் நுங்கு. நாம் விரலால் நோண்டித் தின்னும் வழுக்கை, தேங்காய்ப் பருப்பின் இளம்பருவத்துக்கு ஒப்பான கருவூண். அதன் மேல் இருந்து நாக்கைத் துவர்க்கவைக்கும் மஞ்சள் தோல் விதையுறை. மரத்திலேயே பழுக்க விட்டால் கருவூண் கல்லாகிவிடும், சுற்றியிருந்த நடுவுறை மஞ்சள் நிறத்தில் நாரும் கூழுமாகப் பழுக்கும். சுட்டுச் சப்புவது அதை. அந்தக் கொட்டையைப் பாத்தியில் புதைத்தால் தைக்குள் பனங்கிழங்கு. கிழங்கு என்கிறோமே தவிர அது வேரன்று. கீழ்நோக்கி இறங்கிய முளையின் உறை தடித்து, உள்ளே குருத்திலையைப் பொத்திவைத்திருக்கிறது. கிழங்கு பிடுங்கியபின் கொட்டையை வெட்டினால் உள்ளே கிடைக்கும் தவுண், தேங்காய்ப்பூவுக்கு நேர் தங்கை. பிள்ளைகள் தவுணுக்காகச் சண்டை போட்ட காலம் போய்விட்டது என்று நினைக்கிறேன். ஒரு கொட்டையாவது வெட்டிக் காட்டுங்கள்.

பலாவுக்கு மற்றப் பழங்களின் கணக்குப் பொருந்தாது, ஏனென்றால் அது ஒரு பூவில் விளைந்ததன்று. ஆயிரக்கணக்கான பெண்பூக்கள் ஒரு தண்டைச் சுற்றி நெருக்கமாக அமர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்த ஒரு கூட்டுக்கனி அது. சித்திரை, வைகாசியில் ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கத்திலிருந்து வந்திறங்கும் பழம் ஒன்றை வாங்கி, கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொண்டு நெடுகப் பிளந்து பாருங்கள். நடுவில் பால் வடியும் தடித்த தண்டு பூக்கள் அமர்ந்திருந்த அச்சு. வெளியே முள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பூவின் நுனி. முள்ளிலிருந்து தண்டு வரை உள்ள தூரத்தில் கருவுற்ற பூ சுளையாகியிருக்கும். கருவுறாத பூ சடையாகியிருக்கும். சடை என்று நாம் பிடுங்கி எறிவது வேறொரு பொருளன்று, சுளையாக வாய்க்காத பூவின் இதழ்தான். சில பழங்களில் சடையும் இனிப்பதன் காரணம் அது.

சுளையின் சதையும் இதழே. பூவின் இதழ்வட்டம் குழாய்போல் இணைந்து பருத்துச் சதையாகிறது. மாம்பழத்தில் போலச் சூற்பையின் சுவர் சதையாவதில்லை. சூற்பை இருப்பது சுளைக்குள்ளே. கொட்டையைச் சுளையிலிருந்து பிதுக்கினால் வழுக்கிக்கொண்டு ஓடச்செய்யும் சவ்வும், அதற்கு அடுத்து, காய்ந்தபின் உரியும் வெள்ளைத் தோலும் அந்தச் சூற்பையின் சுவர். அவற்றுக்குள் செம்பழுப்பு நிறத்தில் மெலிதாக ஒட்டியிருப்பது விதையுறை. மண்டிக்குப் பலாக்கொட்டை தட்டிப் போடுகிறவர்கள் வெள்ளைத் தோலை உரித்துவிட்டு, செம்பழுப்புத் தோலைச் சுரண்டியும் சுரண்டாமலும் போடுவார்கள். அங்கே அவர்கள் செய்வது கனியைக் களைந்து விதையை எடுப்பது.

பழத்தைப் பிளக்காமலே சுளையை எண்ண வழி ஒன்று கணக்கதிகாரம் என்ற பழைய கணக்கு நூலில் உண்டு. காம்பைச் சுற்றியுள்ள சிறுமுள்ளை எண்ணி ஆறால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் சுளைத்தொகை வரும் என்பது அதன் விதி. முள்ளுக்கு ஒரு பூ என்ற அளவில் அதற்குள் ஒரு நுட்பமான கவனிப்பு இருப்பதை மறுக்கமுடியாது. ஆனால் எத்தனை பூ கருவுற்றது என்பதைக் காம்படி முள் எப்படிச் சொல்லும்? நான் மூன்று பழத்தில் எண்ணிப் பார்த்தேன், ஒன்றிலும் ஒத்துவரவில்லை. வகுப்பில் ஒரு பழத்தை வைத்து எண்ணச் சொன்னால் கணக்கும் தாவரவியலும் ஒரே மணியில் நடந்துவிடும், தின்பதற்கும் சுளை இருக்கும்.

பலாவோடு சேர்த்துப் பிள்ளைகள் குழப்பிக்கொள்வது சீத்தாப்பழம். அதிலும் மேலே புடைப்பு, உள்ளே கொட்டைக்கு ஒரு சுளை. ஆனால் சீத்தா ஒரே பூவில் விளைந்தது. அந்தப் பூவில் சூலக இலைகள் பல தனித்தனியாக நின்று, கனியாகும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இதைத் திரள்கனி என்பார்கள். பல பூ சேர்ந்தால் கூட்டுக்கனி, ஒரு பூவின் பல சூலக இலைகள் சேர்ந்தால் திரள்கனி.

அத்தியும் ஆலும் கூட்டுக்கனிதான், ஆனால் உள்புறமாகத் திரும்பியவை. பூக்கள் அமர்ந்த தளம் பலாவில் தண்டாக நிற்கிறது. அத்தியில் குடம்போல் குவிந்து, பூக்களை உள்ளே வைத்து வாயை மூடிக்கொள்கிறது. அத்தி பூக்காமல் காய்க்கிறது என்று ஊரில் சொல்வது இதனால். குடத்தின் வாயில் உள்ள சிறு துளை வழியாக மிகச் சிறிய குளவி நுழைந்து மகரந்தம் சேர்த்து, உள்ளேயே முட்டையும் இடுகிறது. அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்ற பழமொழி பழத்தைப் பழிக்கச் சொன்னதானாலும், அந்தப் புழு இல்லாமல் நாட்டு அத்தியில் விதை பிடிக்காது.

வாழைப்பழத்துக்குக் கொட்டை எங்கே போயிற்று என்று கேட்டிருந்தீர்கள். உரித்த பழத்தின் நுனியில் கட்டைவிரலை வைத்து மெதுவாக அழுத்துங்கள். பழம் நீளவாக்கில் மூன்றாகப் பிளக்கும். வாழையின் சூலகமும் மூன்று இலைகளால் ஆனது என்பதற்கு அதைவிட எளிய சாட்சி கிடையாது. பிளந்த உட்புறத்தில் வரிசையாகக் கரும்புள்ளிகள் தெரியும். விதையாகாமல் நின்றுபோன சூல்கள் அவை. காட்டுவாழையில் அந்த இடத்தில் பல்லை உடைக்கும் கருங்கொட்டைகள் நெருங்கிக் கிடக்கும். நாம் வளர்ப்பவை கருவுறாமலே காய் பருக்கும் இனங்கள், ஆதலால் கன்று நட்டுத்தான் பெருக்க வேண்டியிருக்கிறது. வாழையின் சூற்பை பூவின் மற்ற உறுப்புகளுக்குக் கீழே அமைந்தது. தாறில் காயின் நுனியில் காய்ந்த பூ ஒட்டியிருப்பதைப் பார்த்தால் புரியும். ஆகவே தோலில் சூற்பையின் சுவரோடு பூத்தளத்தின் திசுவும் சேர்ந்திருக்கிறது. வாழைப்பூ ஆயும்போது ஒவ்வொரு பூவிலிருந்தும் உருவி எறியும் தீக்குச்சி போன்ற நரம்பு சூலகத்தண்டு. அதன் தலையில் இருக்கும் உருண்டை சூலகமுடி.

எலுமிச்சை, நார்த்தை, ஆரஞ்சு ஆகியவற்றில் மஞ்சளோ பச்சையோ ஆன மேல்தோல் புறவுறை. நகத்தால் கீறினால் பீச்சும் எண்ணெய் அதிலுள்ள சுரப்பிகளில் இருக்கிறது. அடுத்த வெள்ளைப் பஞ்சு நடுவுறை. நார்த்தங்காய் ஊறுகாயின் கசப்பில் அதற்குப் பங்குண்டு. சுளைகளைப் பிரிக்கும் படலம் உள்ளுறை. சாறு நிறைந்த மணிகள் எங்கிருந்து வந்தன என்றால், அந்த உள்ளுறையின் உட்புறத்தில் முளைத்த மயிர்களே சாறு நிரம்பிப் பருத்து மணிகளாகின்றன. எலுமிச்சம்பழத்தைக் குறுக்கே அறுத்துச் சிறு மணி ஒன்றை ஊசியால் பிரித்தெடுத்தால், சுவர்ப்பக்கம் அது மெல்லிய காம்பாக முடிவதைக் காட்டலாம். எலுமிச்சைச் சாதம் தின்பவரிடம் பழத்தின் மயிரைப் பிழிந்த சோறு என்று சொன்னால் முகம் சுளிக்கத்தான் செய்வார்.

மாதுளையில் தின்பது விதையின் சதைப்பற்றான மேலுறை. அதன் தலையில் இருக்கும் கிரீடம் உதிராத புல்லிவட்டம். பரங்கி, பூசணி, வெள்ளரி ஆகியவற்றில் விதைகளைத் தாங்கிய திசுவைக் குடல் என்று வழித்து எறிந்துவிட்டுச் சுவரைச் சமைக்கிறோம். தர்ப்பூசணியில் வெளிச்சுவரை எறிந்துவிட்டு விதை தாங்கிய உட்பகுதியைத் தின்கிறோம்.

விதை தாங்கும் அந்தத் திசுவைப் பற்றி, காரத்துக்குப் பேர்போன இந்த வட்டாரத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். மிளகாயும் ஒரு சதைக்கனிதான். காரம் விதையில் இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறோம், விதையை உதறிவிட்டால் காரம் குறையும் என்றும் செய்கிறோம், குறைவதும் உண்மை. ஆனால் காரத்தைச் சுரப்பது விதைகள் ஒட்டியிருக்கும் வெள்ளை நரம்பு. விதை அதைத் தொட்டுக்கொண்டிருப்பதால் காரம் பூசிக்கொள்கிறது. விதையை உதறும்போது நரம்பும் சேர்ந்து போவதால் காரம் குறைகிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாயைப் பிய்த்துப் பார்த்தால் அந்த உருண்டைக்குள் காம்பை ஒட்டி இந்த நரம்பு தெளிவாகத் தெரியும்.

நெல்லும் கனியே என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். அரிசிமணியில் கனியுறையும் விதையுறையும் பிரிக்கமுடியாதபடி ஒட்டிப்போயிருக்கின்றன. நம் விருந்துகளில் இனிப்புக்கு வேகவைக்கும் கவுனி அரிசியைக் கடித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகவே இருக்கும். கருமை முழுவதும் அந்த மேலுறையில் இருக்கிறது. தீட்டினால் நிறம் போவது அதனால்தான்.

கடைசியாக முந்திரி. போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த இந்த மரம் மாமரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. பூவில் சூற்பை முதலில் வளர்ந்து, சிறுநீரக வடிவில் பச்சைக் காயாகத் தொங்கும். அதன் பிறகுதான் காம்பு வீங்கத் தொடங்கி, மஞ்சளாகவோ சிவப்பாகவோ சாறு நிறைந்த பழமாகிறது. கொட்டை வெளியே தொங்குவது போலத் தோன்றுவது இதனால். உண்மையில் காம்புதான் காயைவிடப் பெருத்துவிட்டது. கொட்டையின் ஓடு கனியுறை, உள்ளே செந்தோல் போர்த்திய பருப்பு விதை, இரண்டாகப் பிளக்கும் அந்தப் பாதிகள் விதையிலைகள். ஓட்டின் நடு அடுக்கில் தேன்கூடு போன்ற அறைகள் இருக்கின்றன, அவற்றில் தோலைப் புண்ணாக்கும் எண்ணெய் நிறைந்திருக்கிறது. மாங்காய்க் காம்பை ஒடித்ததும் வடிந்து உதட்டோரத்தைப் புண்ணாக்கும் பால் இதன் இனத்தைச் சேர்ந்ததுதான், வேகம்தான் குறைவு. ஆகவே புளி, மாங்கொட்டை, தேங்காய், எலுமிச்சை ஆகியவற்றைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். முந்திரிக்கொட்டையைப் பச்சையாக உடைக்க விடாதீர்கள். சுட்டு உடைத்த ஓட்டையும் பருப்பையும் தனித்தனியாக மேசைமேல் வைத்து, கூடவே காம்போடு தொங்கும் ஒரு பழத்தையும் வைத்துக் காட்டினால் போதும்.